அபியத்தார் கேட்காத கேள்வி

நோபு நகரின் குருக்கள் 85 பேரைச் சவுல் கொல்வித்த நாளில் தப்பியவர் அபியத்தார். ஆண்டவரின் திருவுளம் அறிய உதவும் ஏபோதுடன் தாவீதிடம் ஓடிவந்தார். அப்சலோமின் கலகத்திலும் அவரைக் கைவிடவில்லை. அத்தகையவர் இறுதியில் அதோனியாவின் பக்கம் சேர்ந்ததைத் துரோகம் என்று நாம் எளிதில் தீர்ப்பிடுகிறோம். ஆனால் அதோனியா மூத்தவர். சாலமோனுக்குத் தாவீது அளித்த வாக்குறுதியையோ, நாத்தான் பத்சேபாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நாமே முதன்முதலாகக் கேள்விப்படுகிறோம்!

நம்மை உறுத்துவது வேறு. கெயிலாவில் தாவீது, ஏபோதைக் கொண்டுவரச் செய்து ஆண்டவரிடம் கேட்டார். அரியணைக்குரியவர் யாரென்று அபியத்தார் கேட்டதாகக் குறிப்பில்லை. சாலமோனைத் திருப்பொழிவு செய்த சாதோக்கு கேட்டதாகவும் இல்லை. பழகிய பற்று, கேள்விக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டதோ?

சாதோக்குக்கு அபியத்தாரின் பதவி கிட்டியது. அபியத்தாரோ, பேழையைச் சுமந்தவர், தாவீதின் துன்பங்களில் பங்கேற்றவர் என்பதால் உயிர் பிழைத்து, அனதோத்திலிருந்த தம் வயலுக்கு அனுப்பப்பட்டார்.