மறுபடியும் சொல்லப்படும் கதை

மாசி மாதத்து வளர்பிறையில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே காமன் கூத்துக்காகக் கம்பம் நாட்டப்பட்டு, தப்பு முழங்க மதனும் ரதியும் ஆடி வருகையில், சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான் என்பதையும், ரதியின் பிரலாபத்துக்கு இரங்கி மீண்டும் உயிர்ப்பிக்கப்படுவான் என்பதையும் அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆயினும் ரதி புலம்பத் தொடங்கியதும், பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். அதே தோட்ட லயங்களின் மக்களோடு அமர்ந்து, ராகவா லாரன்ஸின் பேய் நகைச்சுவைப் பட வரிசையைச் சேர்ந்த ‘காஞ்சனா 3’ஐப் பார்த்தபோது என் உள்ளத்தில் எஞ்சியது சலிப்பே. அறிந்த கதை ஓரிடத்தில் அமுதமாகவும் மற்றோரிடத்தில் பழஞ்சோறாகவும் ஆவது எதனால்?

புதுமையை ஓயாது நாடும் நம் மனத்தின் திருஷ்ணையே குற்றவாளி என்று வேதாந்திகள் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. அது மெய்யாயின் ரதியின் புலம்பலும் என்றோ சலித்திருக்க வேண்டும். காரணத்தை நான் நகையின் இயல்பிலே தேடுகிறேன்.

நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்று வகுத்தார் தொல்காப்பியர். அதே பட வரிசையில் 2011இல் வந்த ‘காஞ்சனா’வில், இரவில் தாயின் துணையின்றி வெளியே செல்லவும் அஞ்சும் வளர்ந்த பிள்ளையின் பேதைமையே நம்மைச் சிரிக்க வைத்தது; அச்சிரிப்பால் இளகிய நெஞ்சுக்குள்தான், பெற்றோரால் துரத்தப்பட்டு, தன்னைப்போன்ற மற்றொரு குழந்தையை வளர்த்து வைத்தியப் படிப்புக்கு அனுப்பி, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொலையுண்ட திருநங்கையின் துக்கம் நுழைந்தது. சரத்குமார் ஏற்ற அப்பாத்திரத்தை, திருநங்கையரைக் கேலிப்பொருளாகவே காட்டிப் பழகிய திரையில், ஜனங்கள் கைகூப்பாத குறையாக ஏற்றார்கள். ஹாசியம் கருணைக்கு வாயிலாயிற்று. இதை நான் ஒரு தர்ம காரியமாகவே கருதுகிறேன்.

2019இல் வந்த மூன்றாம் பாகத்திலும் ஆவி உண்டு, அநியாயக் கொலை உண்டு, பழிவாங்கலும் உண்டு. ஆனால் ஒரு நாயகனுக்காக மூன்று பெண்கள் போட்டியிடுவதும், கோவை சரளா போன்ற பேராற்றல் வாய்ந்த நடிகை கூச்சலுக்கும் ஓட்டத்துக்குமே பயன்படுவதுமாகப் பேதைமை விலகி எள்ளலே மிஞ்சிவிட்டது. ஆகவே கதை துக்கத்துக்குத் திரும்பும்போது நம் நெஞ்சு உடன் திரும்ப மறுக்கிறது.

காமன் கூத்தில் வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள். ஒவ்வோராண்டும் தம்மில் எதையேனும் துறந்தே அவர்கள் அப்பழைய கதைக்குள் பிரவேசிக்கிறார்கள். கதை அதேதான் எனினும் காணிக்கை புதிது. அந்தச் சிரத்தை இல்லாத இடத்தில் மறுபடி சொல்லுதல் வியாபாரம் ஆகிறது. இப்பட வரிசையில் இனி ஒரு பாகம் எடுக்கிறவர்கள் பேய்களின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டாம். 2011இல் அந்தத் திருநங்கைக்கு அளித்த மரியாதையை அதன் மாந்தர் எல்லாருக்கும் அளிக்கும்படி அவர்களை வேண்டுகிறேன்.