வீட்டில்தானே இருக்கிறாள்?

முக்கூடல் முதல் மேலப்பாளையம் வரை தாமிரபரணிக் கரையூர்களில், மடியில் தட்டை ஏந்திப் பீடி சுற்றும் தாய்மாரைக் காணாத தெரு அரிது. இலையை நனைத்து, அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடிக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அந்த ஆயிரத்தை முடிக்கப் பகல் போதாமல் விளக்கு வைத்த பின்னும் விரல்கள் ஓடுகின்றன. எனினும் கேட்டால், "அவள் வீட்டில்தானே இருக்கிறாள்" என்போம்.

1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் அமர்ந்து பீடி சுற்றுபவளையும் தொழிலாளி என்றே ஏற்றது. நம் பேச்சுதான் இன்னும் ஏற்கவில்லை. பிள்ளை தேர்வில் தவறினால், வாய்க்காலில் வழுக்கி விழுந்தால், முதற்கேள்வி "தாய் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்பதே. தந்தை கேரளத்திலோ வளைகுடாவிலோ இருப்பார். "பாவம், பிழைக்கப் போனவர்" என்று அவரை விட்டுவிடுவோம். ஒருவருக்கு மன்னிப்பாகும் உழைப்பு மற்றவருக்கு ஏன் ஆகவில்லை? அவள் உழைப்பது வாசற்படிக்கு உள்ளே என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முடிவெடுக்கும் உரிமை என்று வரும்போதோ வரிசை தலைகீழாகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் தந்தையை முதலில் வைத்து, அவருக்குப் "பின்" தாயை வைத்தது. அந்தப் "பின்" என்பது தந்தையின் இறப்பை மட்டும் குறிக்காது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அச்சட்டம் கிறிஸ்தவர்களாகிய நம்மைக் கட்டாது. மனப்போக்கு மட்டும் நம் வீடுகளிலும் அதுவே. உரிமைக்குத் தந்தை முந்துகிறார், பழிக்குத் தாய் முந்துகிறாள்.

இதில் தந்தைக்கும் இழப்புண்டு. பணம் அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று அவரை நாமே நம்பவைத்து, மகனின் முகவாட்டத்தை அறியும் பேற்றைப் பறித்துவிடுகிறோம். ஊர் வந்து மகளுக்குத் தலைவாரினால் "மனைவிக்கு உதவுகிறார்" என்கிறோம். பிறர் வேலையைச் செய்வதற்கன்றோ உதவி என்று பெயர்!

லூக்கா நற்செய்தியில் காணாமற்போன சிறுவனை இருவருமே தேடினர். தானும் அவன் தந்தையும் மனம் நொந்து தேடியதாகவே மரியா சொல்கிறார். தச்சுப்பட்டறை யோசேப்புக்கு அங்கே சாக்காகவில்லை.

முதல் நற்கருணைக்குமுன் பங்கில் கூடும் பெற்றோர் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தாய்மாரே வருகின்றனர். அன்று அவர்கள் தட்டில் எத்தனை பீடி குறைந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை.