கேதாரம் ஏறுமுன் எங்கே படுக்கப் போகிறீர்கள்?

கேதார்நாத்துக்குப் பெற்றோரை அனுப்பவிருக்கும் பிள்ளைகளே, அவர்களோடு தாங்களும் புறப்படவிருப்பவர்களே, டிராவல்ஸ்காரர் கொடுத்த பயணத் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாப்பாடு நம்மூர்ச் சாப்பாடா, வண்டி ஏசியா, அறைக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் கேட்டு முடித்திருப்பீர்கள். மலையேறும் நாளுக்கு முந்தைய இரவு எந்த ஊரில் படுக்கை, அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம், கட்டடம் ஆற்றை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கட்டியாகிவிட்டது என்றால் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.

பெரும்பாலான திட்டங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹரித்வாரில் ஓர் இரவு, குப்தகாசியில் ஓர் இரவு, விடிந்தால் ஏற்றம், அன்றிரவே கேதாரத்தில் தங்கல், மறுநாள் இறக்கம். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஹரித்வார் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குப்தகாசி 1,300 சொச்சம். கேதாரமோ ஏறத்தாழ 3,580 மீட்டர். நம்முடைய தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அந்த உச்சிக்கும் மேலே இன்னும் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப்போய், அறுபத்தைந்து வயது அம்மாவை ஒரே நாளில் அங்கே படுக்க வைக்கப் போகிறோம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மலை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாய் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்கினாய் என்பதுதான் உடம்புக்குக் கணக்கு. 2,500, 3,000 மீட்டர் உயரத்தை எட்டவே இரண்டு நாளாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கையின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பார்கள். குப்தகாசியிலிருந்து கேதாரத்துக்குப் போகிறவர் ஒரே தாவலில் இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் கூட்டிவிடுகிறார். இளைஞர் பலருக்கு இது தலைவலியோடு போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய அடைப்புக்கு ஸ்டென்ட் என்று இருப்பவர்களுக்கு அப்படிப் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2022-ஆம் ஆண்டு, கேதாரமும் சேர்ந்த சார்தாம் யாத்திரைக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உடல்நிலை மோசமாகி இறந்தார்கள். மாரடைப்பும் உயர மலை நோயும்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்பட்டன.

உயர மலை நோய் வரும் நேரத்தைக் கவனியுங்கள். நடக்கும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் தணியும், அது இயல்பு. இந்த நோயோ பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். தரிசனம் முடிந்து, போர்வைக்குள் சுருண்டு, விளக்கை அணைத்த பிறகு. தலை விண்விண்ணென்று வலிக்கும், குமட்டும், தூக்கம் பிடிக்காது. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, எழுந்து நடக்கையில் கால் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவ முகாமுக்குத் தூக்கிப்போக வேண்டும், கீழே இறக்க வேண்டும். ஆகவே மேலே தங்கும் இரவில் வயதானவரைத் தனி அறையிலோ, முகம் தெரியாதவர்களோடு பொதுக்கூடத்திலோ விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே படுத்து, நள்ளிரவில் ஒருமுறை எழுப்பிப் பேச்சுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

அப்படியானால் எங்கே தங்குவது?

குப்தகாசிக்கு எதிர்க்கரையில், மந்தாகினி ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஊகிமட் இருக்கிறது. குளிர்காலத்தில் கேதாரநாதர் எழுந்தருளும் ஓம்காரேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அங்கேயோ குப்தகாசியிலோ ஓர் இரவுக்கு இரண்டு இரவாகத் தங்குங்கள். நடுவில் கிடைக்கும் பகலில் சோப்தாவுக்கு வண்டியில் போய்வரலாம். அது 2,600 மீட்டருக்கு மேல் இருக்கும் புல்வெளி. கால் தெம்புள்ளவர்கள் அங்கிருந்து துங்கநாத் கோயில் பாதையில் கொஞ்சதூரம் நடந்துவிட்டு, மாலையில் இறங்கி வந்து தாழ்வான இடத்தில் தூங்கட்டும். பகலில் உயரம் பார்த்து இரவில் இறங்கித் தூங்கும் உடம்பு, வரப்போகும் ஏற்றத்துக்குக் கொஞ்சமாவது பழகிக்கொள்ளும். ஏற்றத்துக்கு முந்தைய கடைசி இரவைத் திரியுகிநாராயணில் வைத்துக்கொள்ளலாம். சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊர். சோன்பிரயாகிலிருந்து சாலைவழியே ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர். நடை தொடங்கும் கௌரிகுண்டுக்கு ஏறக்குறையச் சமமான உயரம், ஆற்றை விட்டு நன்றாக மேலே. குப்தகாசியில் படுத்தவர்கள் விடிகாலையில் முப்பது கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து வந்து, சோன்பிரயாகில் கௌரிகுண்டுக்குப் போகும் ஜீப் வரிசையில் நின்று, வெயில் ஏறிய பிறகு நடையைத் தொடங்குகிறார்கள். பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாத பாதையை அப்படித் தொடங்கினால், வழியில் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் மனம் வராது. இருட்டுமுன் போய்விட வேண்டுமே என்ற பதற்றம்தான் முதியவர்களை ஓட ஓட ஏற்றுகிறது.

ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். சில நிமிடங்களில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உடம்பு அந்தச் சில நிமிடங்களில் பழகாது. தரிசனம் முடிந்ததும் அன்றே இறங்குவதுதான் நல்லது. உயர மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்பதை ஊரை விட்டுக் கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் வேண்டாம்.

இனி ஆற்றங்கரைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

"நதியைப் பார்த்த அறை" என்று சொன்னால் நாம் மகிழ்ந்துபோய் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறோம். ராம்பாரா என்றொரு ஊர் இருந்தது. கௌரிகுண்டுக்கும் கேதாரத்துக்கும் நடுவழியில், மந்தாகினியை ஒட்டி, களைத்து வருகிறவர்களுக்குத் தேநீரும் படுக்கையும் தந்த ஊர். 2013 ஜூன் 16 மாலையில் வெள்ளம் வந்தது. மறுநாள் காலையில், கேதாரத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி கரை உடைந்து இறங்கியது. ராம்பாரா வரைபடத்திலிருந்தே போய்விட்டது. கோயிலைச் சுற்றி நெருக்கிக் கட்டிய விடுதிகள் சரிந்தன. உத்தராகண்ட் முழுவதிலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அல்லது காணாமற்போய் மாண்டவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கோயில் நின்றதை எல்லாரும் பேசுகிறோம். அதன் பின்னால் வந்து நின்ற பாறையைக் கும்பிடுகிறோம். சுற்றிலும் படுத்திருந்தவர்கள் ஏன் அங்கே படுத்திருந்தார்கள் என்று பேசுவதில்லை. மந்தாகினிக்கும் சரஸ்வதி ஓடைக்கும் நடுவில், பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்மண் மேல்தான் அந்த ஊர் இருக்கிறது. அங்கே இத்தனை படுக்கைகள் எழுந்ததற்கு, இத்தனை பேர் அன்றிரவே அங்கே படுக்க வேண்டும் என்று கேட்டதுதான் காரணம்.

அதோடு முடிந்ததா? 2023 ஆகஸ்டில் கௌரிகுண்டில் இரவில் மலை சரிந்து, உள்ளே தூங்கியவர்களோடு சாலையோரக் கடைகள் மந்தாகினிக்குள் போயின. அவர்களில் பலர் நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர். 2024 ஜூலை 31 இரவு கொட்டிய மழையில் பீம்பலி, லின்சோலி பக்கம் கேதாரப் பாதை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியிலுள்ள தராலியில், கீர்கங்கா ஓடையின் வாயிலேயே எழுந்திருந்த விடுதிகளை வெள்ளமும் சேறும் நொடிகளில் மூடின. அந்தக் காணொளியை நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு அதே மாதிரியான ஓர் அறையைப் பதிவு செய்வது என்ன நியாயம்?

நாம் கொடுக்கும் வாடகைதான் ஆற்றோரத்தில் அடுத்த மாடியை எழுப்புகிறது. நாம் ஓர் இரவு தங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவோம். சமையற்காரரும் பாத்திரம் கழுவும் பையனும் பருவம் முழுக்க அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் தூங்குவார்கள். அதனால்தான் இது நம் உயிரைக் காத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தோடு நிற்கிற விஷயம் அல்ல என்கிறேன். ஆற்றோர அறையை மறுத்து, சரிவில் இருக்கும் வீட்டு விடுதிக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். இந்தக் கார்வால் மலையின் பழைய கிராமங்கள் பெரும்பாலும் மேலே, கெட்டியான நிலத்தில்தான் இருக்கின்றன. சாலை வந்த பிறகுதான் கடைத்தெருக்கள் ஆற்றுக்கு இறங்கின. விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் மூட்டையை அவிழ்க்குமுன் ஒருதரம் வெளியே வந்து பாருங்கள். கட்டடத்துக்குப் பின்னால் ஓடை வந்து விழுகிறதா, சுற்றிலும் உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றனவா, தலைக்கு மேலே சாலைக்காக வெட்டிய பச்சை மண்சுவர் நிற்கிறதா? ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், 2013-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓட்டுநரை விட்டுக் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை காட்டும் கோட்டுக்குக் கீழே உங்கள் அறை இருந்தால், பணம் போனாலும் போகட்டும், வேறு இடம் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பயணமே வேண்டாம். மே மாதமும், மழை ஓய்ந்த செப்டம்பர் பிற்பாதியும், அக்டோபரும் இருக்கின்றனவே.

டோலி தூக்குகிறவர்களையும் மறக்காதீர்கள். நால்வர் தோளில் அம்மாவை ஏற்றிவிட்டுக் கூலி பேசுகிறோம். அன்றிரவு மேலே அவர்களுக்குப் படுக்க இடம் உண்டா, போர்வை உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டு, அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்களும் அந்தக் குளிரில்தான் படுக்கிறார்கள், அதே மெல்லிய காற்றைத்தான் மூச்சிழுக்கிறார்கள்.

கடைசியாக, உயிரைக் குடிக்கிற ஒரு வாக்கியத்தை விட்டுவிடச் சொல்கிறேன்: "இவ்வளவு தூரம் வந்துட்டு, சாமியைப் பாக்காம எப்படித் திரும்பறது?" அப்பாவுக்கு மூச்சு முட்டும்போது இதைச் சொல்லாதீர்கள். அவரே சொன்னாலும் கேட்காதீர்கள்; பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று நோவை மறைப்பவர்கள் நம் பெற்றோர். கேதாரம் நமக்குப் பாடல் பெற்ற தலம். அதைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்றுதான் நம் மரபு சொல்கிறது. கயிலைக்குக் கிளம்பிய அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, ஊர்ந்து போயும் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். கயிலைக் காட்சி அவருக்குத் திருவையாற்றில் கிடைத்தது. அவர்களுக்கு வராத இழுக்கு, பாதி வழியில் திரும்பும் உங்கள் அப்பாவுக்கு வந்துவிடாது. கீழே இறங்கியதும் ஊகிமட்டில் ஓம்காரேஸ்வரர் முன்னால் அவரை உட்கார வையுங்கள்.

டிராவல்ஸ்காரரிடம் பேசும்போது, இரண்டு இரவு கூடினால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார். அந்த மற்றவர்களின் எண்களை வாங்கி நீங்களே பேசுங்கள்; அவர்களுக்கும் வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள். அதற்கும் அவர் மசியாவிட்டால், வேறொருவரிடம் போங்கள்.