அயல்மண்ணில் அணியும் ஆடை

ஒரு ஸ்தலத்தின் ஆசாரத்துக்கு இணங்க உடுத்துவது கண்டி நகரத்தவர்களாகிய எங்களுக்குப் புதிய விஷயமன்று. முழந்தாளுக்கு மேலேறிய காற்சட்டையோடும் தோள் மறையாத மேற்சட்டையோடும் தலதா மாளிகை வாயிலுக்கு வரும் அயல்நாட்டுப் பிரயாணிகள், காவலர் தடுத்ததும் ஒரு சாரத்தை வாங்கி இடையிற் சுற்றிக்கொண்டு, பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வதை நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அவர்களுடைய சுதந்திரம் பறிபோயிற்றென்று எங்களில் எவரும் இரங்கியதில்லை. நல்லூர்க் கந்தன் சந்நிதியில் மேற்சட்டையைக் களைந்து நிற்கும் ஆடவரும் அதைத் தமக்கொரு குறையாக எண்ணுவதில்லை.

ஆயினும், முஸ்லிம் நாடொன்றுக்குப் புறப்படும் வேளையில், எங்களவரிடத்திலேயே ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. சவூதி அரேபியா 2019-இல் சுற்றுலாப் பிரயாணிகளுக்குத் தன் கதவைத் திறந்தபோது, அந்நிய மாதர் அபாயா அணிய வேண்டியதில்லையென்று அறிவித்துவிட்டு, பொதுவிடங்களில் தோளும் முழந்தாளும் மறைய உடுத்தினால் போதுமென்றுதான் கேட்டுக்கொண்டது. தலதா மாளிகை வாயிலில் நாங்கள் பிறரிடம் கேட்பதும் அதே அளவுதான்! மஸ்கட்டிலுள்ள சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்கு நான் சென்றபோது, கூந்தலையும் மணிக்கட்டையும் கணுக்காலையும் மறைத்தே உட்செல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் கண்ணியத்தின் சிகரமாகக் கொள்ளப்படும் சேலை, இடையும் முதுகும் சிறிது புலப்பட விடுவதால், அங்கே குறையுடையதாகக் கருதப்படக்கூடும் என்ற உண்மை அப்பொழுதுதான் என் மனத்தில் பதிந்தது. நாணம் எல்லா மாந்தர்க்கும் பொதுவாயினும், அதன் எல்லைக்கோட்டை ஒவ்வொரு சமூகமும் தன் சம்பிரதாயத்தின்படியே வரைந்துகொள்கிறது.

இந்தச் சிந்தனைக்குக் கண்டியின் சரித்திரமும் துணை நிற்கிறது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883-இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா, தம் நாடுகடந்த வாழ்வின் பிற்பகுதியை இந்நகரிலே கழித்து, 1901-இல் தாயகம் திரும்பினார். இந்நாட்டு முஸ்லிம்களிடையே துருக்கித் தொப்பி பரவுவதற்கு அவருடைய செல்வாக்கு பெரிதும் காரணமாயிற்று. அவர் சென்ற சில ஆண்டுகளுக்குள், 1905-இல், எம். சி. அப்துல் காதர் என்ற அப்புக்காத்து அந்தத் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் வழக்காட அனுமதிக்கப்படாமையால், மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தம் ஆட்சேபத்தை வெளியிட்டனர். தலையில் அணியும் ஒரு பொருளை அகற்றச் சொல்வது ஒரு சமூகத்தின் நெஞ்சை எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை ஆட்சியாளர் அன்று உணரவில்லை.

விருந்தினர் தாமாக முன்வந்து அளிக்கும் மரியாதை வேறு, தண்டத்தைக் காட்டிப் பெறும் பணிவு வேறு. ஈரானில் 1983 முதல் முக்காடு சட்டத்தின் நிர்ப்பந்தமாக நிற்கிறது. அதைச் சரிவர அணியவில்லையென்று பிடிக்கப்பட்ட இருபத்திரண்டு வயதுடைய மாஷா அமீனி என்ற பெண், 2022 செப்டம்பரில், காவலில் இருந்தபோது உயிரிழந்தாள். அந்நாட்டுக்குச் செல்பவர் தலையை மூடிக்கொள்வது முறையே. ஆனால் அச்சட்டத்தை நியாயமென்று புகழ என் மனம் இசையாது. அதே நெஞ்சோடுதான், 2019 ஏப்ரலில் நிகழ்ந்த கொடிய குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் எங்கள் அரசு முகத்திரையைத் தடை செய்ததையும், அந்நாட்களில் முகத்தை மறைக்காமல் அபாயா மட்டும் அணிந்த பெண்களுங்கூட வீதியில் அச்சத்தோடு நடந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். அணியென்று வற்புறுத்துவதும் களையென்று வற்புறுத்துவதும் எனக்கு ஒரே அநீதியின் இரு முகங்களாகவே தோன்றுகின்றன.

ஆதலால், தொழிலுக்கோ உறவினரைக் காணவோ முஸ்லிம் நாடுகளுக்குச் செல்லும் சகோதரிகளே, தளர்ந்த நீண்ட ஆடைகளையும், வெயிலையும் தாங்கும் பெரியதொரு பருத்தித் துப்பட்டாவையும் மனக்கசப்பின்றி எடுத்துச் செல்லுங்கள். ஊர் திரும்பிய பின், அக்குறணை செல்லும் பஸ்ஸில் அபாயா அணிந்த பெண்ணொருத்தி உங்கள் அருகில் வந்து அமர்ந்தால், நீங்கள் அங்கே எதிர்பார்த்த மரியாதையை அவளுக்கும் அளியுங்கள்.