பழைய வீடும் புதிய விழாவும்

பழைய கட்டடம் ஒன்றை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால், அது நம் முன்னோரின் பெருமையைக் காட்டுகின்றது என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை பிழையானது அன்று. ஆயினும் நிறைவானதும் அன்று. பெருமையைக் காட்டாத கட்டடங்களை என்ன செய்வது? முன்னோர் வருந்திய இடங்களையும், பிறருக்கு அடங்கி வாழ்ந்த இடங்களையும் காப்பது கடமையாகுமா? காத்தபின் அங்கே பொங்கலும் அறுவடை விழாவும் எடுத்து மகிழ்வது தகுமா? கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வேர்விட்டு, இன்று நகர்ப்புறங்களில் கிளைவிட்டிருக்கும் நாம் இக்கேள்வியை நம்மை நோக்கியே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

விடை காண்பதற்கு முன், தொலைவிலுள்ள ஒரு வீட்டைப் பார்ப்பது நலம். நமக்குத் தொடர்பில்லாத ஒன்றைப் பார்க்கும்போது பற்றும் வெறுப்பும் நம் கண்ணை மறைப்பதில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் வைக்கோஃப் இல்லம் என்னும் பண்ணை வீடு ஒன்று உள்ளது. அந்நிலம் டச்சுக்காரரின் குடியேற்றமாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 1652இல் கட்டப்பட்டது. அம்மாநகரில் எஞ்சியிருக்கும் வீடுகளுள் மிகப் பழையதாக அதனைக் கருதுவர். 1965இல் அம்மாநகர அரசு காக்கத்தக்க சின்னங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது முதற்கண் அறிவித்தது இவ்வீட்டைத்தான். 1982 முதல் அது காட்சியகமாக விளங்குகின்றது. இன்று அதனைச் சூழ்ந்து வாழ்வோரில் மிகப் பலர் கரிபியத் தீவுகளிலிருந்து குடியேறிய மக்கள். வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் காய்கறிகள் விளைகின்றன. வேனில் வரும்போது விதைப்பும், இலையுதிர்காலத்தில் அறுவடையும் என்று பருவந்தோறும் அக்கம்பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே கூடுகின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டிய வீடு, ஊரின் முற்றமாக மாறியிருக்கின்றது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இஃது இனிய கதை. ஆனால் அவ்வீட்டின் வரலாறு இவ்வளவு எளியது அன்று. அங்கே குடியிருந்த பீட்டர் கிளாசன் 1637இல் அக்கரைக்கு வந்தபோது நிலக்கிழாராக வரவில்லை. குறித்த ஆண்டுகள் உழைத்துத் தீர்க்க வேண்டிய ஒப்பந்தக் கூலியாகவே வந்தார். பின்னர் நிலம் பெற்றார். ஊரில் மதிப்பும் பெற்றார். ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் வழிவந்த நமக்கு, அவருடைய தொடக்கம் அயலானது அன்று. ஆயினும், அவர் பெற்ற நிலம் லெனாப்பே என்னும் பழங்குடியினரின் நிலம். அவருடைய வழித்தோன்றல்களோ ஆப்பிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்தனர். அம்மாநிலத்தில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827இல்தான். கூலியாக வந்தவரின் குடும்பமே, ஒரு சில தலைமுறைகளில், பிறரை உடைமையாகக் கொள்ளும் குடும்பமாயிற்று.

தான் பட்ட துன்பம் பிறர் துன்பத்தை அறியும் கண்ணைத் தானே திறந்துவிடும் என்று நாம் நம்புகின்றோம். அந்நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இக்குடும்பமே சான்று. துன்பம் ஆசிரியர்தான், ஆனால் படிக்க விரும்பாத மாணவனுக்கு எந்த ஆசிரியரும் எதையும் கற்பித்துவிட முடியாது.

ஆகவே அத்தகைய வீட்டில் எடுக்கப்படும் அறுவடை விழா இரு வகையாக அமையலாம். விளைந்தது எவ்வளவு என்று மட்டும் கூறி ஆடிப்பாடிக் கலைவது ஒரு வகை. விதைத்தவர் யார், அறுத்தவர் யார், உண்டவர் யார் என்று கேட்டுவிட்டு, அதன்பின் கூடியிருந்து உண்பது மற்றொரு வகை. முன்னது பழைய வீட்டுக்குப் புதிய வண்ணம் பூசுவது. பின்னது அதன் சாளரங்களைத் திறந்து வைப்பது.

இந்த அளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். ஜெராய் மலையின் தென்புறச் சாரலில், மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம் உள்ளது. 1980 முதல் இயங்கிவரும் அதன் வளாகத்தில் புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்கோயிலின் அடித்தளத்தைக் காணலாம். 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட அக்கோயிலை, 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டேர் லாம்ப் சீரமைத்தார். வேறு இடங்களில் கண்டெடுக்கப்பட்ட கோயில்கள் சிலவும் பெயர்த்துக் கொணரப்பட்டு அவ்வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன.

தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போது பெரும்பாலும் கடாரத்தைப் பற்றியே பேசுகின்றனர். காழகத்து ஆக்கம் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்ததைப் பட்டினப்பாலை கூறுவதும், காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்ததும், 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதும் அங்கே நினைவுகூரப்படுகின்றன. இவை கூறப்படவேண்டிய செய்திகளே. தோட்டத்துப் பிள்ளை என்று பிறர் இகழக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு, இம்மண்ணோடு தன் மொழிக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு என்னும் அறிவு நிமிர்ந்து நிற்கும் வலிமையைத் தருகின்றது. அவ்வலிமையை எள்ளி நகையாடுவோர் இகழ்ச்சியின் சுவையை அறியாதவர்கள்.

எனினும், அப்பள்ளத்தாக்கே நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. புக்கிட் பத்து பகாட்டில் இன்று எஞ்சியிருப்பது கல்லால் அமைந்த அடித்தளம்தான். அதன்மேல் தூண்களை ஊன்றியதற்கான கல்லடிகள் உள்ளன. மரத்தூண்களும் கூரையும் மண்ணோடு மண்ணாயின. அங்கிருந்து சற்றுத் தொலைவில், சுங்கை பத்து என்னுமிடத்தில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில் பழங்கால இரும்புருக்குத் தொழிலின் தடயங்கள் வெளிப்பட்டன. உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் ஊதுகுழாய்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே, செம்மண்ணுக்கடியில், உழைத்தவர்களின் கருவிகள் அவ்வளவு காலம் உறங்கிக் கிடந்திருக்கின்றன.

அவ்வுலைகளின் முன் நின்று வெந்தவர்கள் யாவர்? அவர்தம் பெயர்களை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அவர்கள் தமிழர் என்று நாம் உரிமை கொண்டாடவும் இயலாது. இம்மண்ணின் பழங்குடிகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் மன்னனின் கப்பலைவிட அந்த ஊதுகுழாயே நமக்கு நெருங்கிய உறவு. நம் பாட்டன் கடாரத்துக்கு வந்தது வாளேந்தி அன்று, வாளியேந்தி. உழைப்பால் இம்மண்ணை ஆக்கிய நெடிய வரிசையில் அவ்விரும்புத் தொழிலாளர் முன்னே நிற்கின்றனர். நம்மவர் பின்னே வந்து சேர்ந்துகொண்டனர். நம்மை இப்பள்ளத்தாக்கோடு பிணைக்கும் மெய்யான கயிறு குருதியும் வெற்றியும் அல்ல, வியர்வை.

இதனை ஒப்புக்கொண்டால் நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எழுகின்றது. 2013ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்து வட்டாரத்தில் பதினொன்றாம் எண் கோயில் எனக் குறிக்கப்பட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நாமும் வருந்தினோம், வருந்தியது முறையே. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் எத்தனை லயங்கள் இடிந்தன! பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, பால் நிறுத்த இடம், ஓலையோ தகரமோ வேய்ந்த பழைய பள்ளிக்கூடம் ஆகியவை சுவடின்றி மறைந்தன. இரப்பர் மரங்கள் எண்ணெய்ப்பனைக்கு இடம் தந்தன. பனைகள் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் தந்தன. அவை மறைந்தபோது நம்முள் எத்தனை பேர் வருந்தினோம்? ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லுக்காகக் குரல் கொடுத்த நாம், அறுபது ஆண்டுக்கு முன் நம் தாய் பிள்ளை பெற்ற அறைக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லையே!

லயம் நம் இழிவின் அடையாளம், அதனை ஏன் காக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஒழுகும் கூரையின்கீழ்ப் படுத்தவர்களுக்கு அக்கூரையைப் போற்றும் கடமை இல்லை. ஆயினும் இழிவு யாருடையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு குடும்பத்தை ஓர் அறைக்குள் அடைத்தவர்களுக்கு உரிய இழிவை, அந்த அறையைப் பெருக்கிக் கோலமிட்டு வாழ்ந்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? அதே லயங்களிலிருந்துதான் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. தம் வாழ்வைத் தாமே திருத்த முனைந்தவர்களின் வீடு இழிவின் சின்னமாகுமா? இலங்கையில் கம்பளைக்கு அருகில், பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து அறைகளையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினர். அவர்கள் அந்த அறைகளை மறைக்கவில்லை, திறந்து காட்டினர்.

காட்சியகங்களில் நிகழும் பருவ விழாக்கள் வெறும் பொழுதுபோக்கு என்று கூறுவோரும் உண்டு. எப்படி நடத்துகின்றோம் என்பதைப் பொறுத்தது அது. அலோர்ஸ்டாருக்கு அருகில் கெரியாங் குன்றின் அடியில் நெல்லுக்கென ஒரு காட்சியகம் 2004இல் திறக்கப்பட்டது. நெல்லுக்குப் பருவம் இருப்பது போலவே பால்மரத்துக்கும் பருவம் உண்டு. தை, மாசித் திங்கள்களில் வடபுலத்துத் தோட்டங்களில் இலை உதிரும். மரம் வறண்டு பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பதால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அடுப்பும் இல்லை. வெயில் ஏறினால் பாலோட்டம் அடங்கிவிடும் என்பதால்தான் இருள் பிரியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு நடந்தனர். பிறருக்குப் பருவம் என்பது விழா. நம் முன்னோர்க்கோ அது கூலிக் கணக்கு. அத்தகைய வாழ்விலும் தை முதல் நாளில் புதுப்பானை பொங்கிற்று என்றால், அப்பொங்கலின் பொருள் எத்துணை ஆழமானது!

ஒரு தோட்டத்தின் எஞ்சிய லயம் ஒன்றில், அல்லது ஒரு தமிழ்ப்பள்ளியின் மூலையில், மங்கும் வாளியும் உளியும் வைத்து, இலையுதிரும் பருவத்தில் பிள்ளைகளைக் கூட்டி, பழைய வெட்டுக்காரர் ஒருவரைப் பேசச் செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒருநாள் நிரையில் நடந்து பார்த்த மாணவன், பத்துப் பாடநூல்கள் சொல்லாததை அறிந்துகொள்வான்.

ஆயினும், அவன் அறிந்துகொண்டானா என்பதற்கு ஓர் இறுதித் தேர்வு உண்டு. இன்று நம் நாட்டுத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களும் ஒப்பந்தத்தோடு வருகின்றனர். கடன்பட்டு வருவோரும் பலர். நெருக்கமான அறைகளில் உறங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். அவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கின்றோம்? நம் பாட்டனைப் பிறர் அழைத்த அதே தொனியில் அவர்களை அழைப்போமாயின், நாம் காத்த லயம் வெறும் பலகையும் தகரமுமே. அப்போது நாமும் அந்தப் பண்ணை வீட்டுக் கிளாசனின் வழித்தோன்றல்களே ஆவோம்.

மரபு என்பது நாம் பெற்ற சொத்து மட்டும் அன்று; அது நம்மீது விதிக்கப்பட்ட பொறுப்பு. முன்னோரின் துன்பத்தைச் சொத்தாகக் கொள்பவன் அதைக் காட்டிப் பரிவு கேட்பான். பொறுப்பாகக் கொள்பவன் அதைக்கொண்டு பிறனைக் காண்பான். பழைய வீட்டைக் காப்பதும், பருவந்தோறும் அங்கே கூடுவதும், பொங்கலிடுவதும் இக்காட்சியைப் பெறுவதற்காகவே. மெர்போக்கில் மாணவர்களோடு நிற்கும் ஆசிரியர், மன்னர்களைப் பற்றிப் பேசி முடித்தபின், சுங்கை பத்தின் ஊதுகுழாயைப் பற்றியும் பேசுவாராக. வீடு திரும்பும் வழியில், பனைத்தோப்பின் ஓரமாகக் குலைகளை ஏற்றிக்கொண்டிருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியை ஒரு மாணவன் பேருந்தின் சாளரம் வழியே நோக்கி, அவருடைய ஊர் எது என்று கேட்பானாயின், அன்றைய பாடம் நிறைவுற்றது என்று கொள்ளலாம்.