ஹெட்போனின் விலையும் செவியின் பழக்கமும்

உயர்விலை ஹெட்போன்களைப் பற்றிய பேச்சில் இரண்டு கூற்றுகள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. விலை ஏற ஏற ஒலியின் தெளிவும் ஏறும் என்பது ஒன்று. அத்தெளிவு முதல் நாளிலேயே பிடிபடாது, சில வாரங்கள் கேட்டுப் பழகிய பின்னரே விளங்கும் என்பது மற்றொன்று. முதற்கூற்றைக் கருவி கொண்டு அளந்துவிடலாம். இரண்டாவதுதான் சிக்கலானது, ஏனெனில், பொருளை மதிப்பிட வேண்டிய செவியே அந்த வாரங்களில் மாறிவிடுமானால், முடிவில் பிறக்கும் நிறைவு பொருளின் தகுதியால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. கடைவீதிக் கேள்வியாகத் தோன்றினாலும் இது அறிவாராய்ச்சியியலுக்கு, அதாவது ஓர் அறிவு மெய்யானது என்பது எதனால் உறுதிப்படுகிறது என்று ஆராயும் தத்துவத் துறைக்கு, உரிய கேள்வியே.

விலையைப் பற்றிய கூற்றை விரைவில் முடித்துவிடலாம். யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 283 ஹெட்போன்களின் அதிர்வெண் துலங்கல், அதாவது தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒவ்வொன்றையும் ஒரு கருவி எவ்வளவு உரக்க எழுப்புகிறது என்னும் அளவு, அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிடப்பட்டது; இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. காதுமெத்தையின் மென்மை, நீண்டநாள் உழைக்கும் உறுதி, பழுதானால் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் உதிரிபாகங்கள் ஆகியவை அந்த அளவுக்குள் அடங்கமாட்டா என்பதும் உண்மை. விலையில் ஒரு பங்கு நியாயமாகவே அவற்றுக்குப் போகிறது.

பழக்கத்தைப் பற்றிய கூற்றுக்கு எச்டி 800 தக்க சான்று. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2009இல் ஏறத்தாழ 1,400 டாலர் விலையில் வெளியிட்ட அந்த ஹெட்போனில், 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளைய வடிவ ஒலிப்பான் காதுக்குச் சற்று முன்னே, சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஒலி தலைக்குள் அடைபடாமல் எதிரே விரிந்து நிற்பதாகக் கேட்டவர்கள் வியந்தனர். ஆனால் 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதன் துலங்கலில் ஒரு மேடு இருந்தது. அதனால் பாடகரின் ‘ஸ’கரமும் ஜாலராவின் கிணுகிணுப்பும் அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாக ஒலித்தன. கூர்மையே உண்மை, மற்றவை அதை மறைக்கின்றன, செவி பழகினால் சரியாகும் என்றனர் ஒரு சாரார். மற்றொரு சாரார் கிண்ணத்தின் உட்புறத்தில் மெல்லிய துணித் துண்டுகளை ஒட்டி அந்தக் கூர்மையைத் தணித்துக்கொண்டனர். நிறுவனமே 2016இல் எச்டி 800 எஸ் என்னும் திருத்திய வடிவத்தில், அந்த மேட்டைக் குறைக்கும் அதிர்வு உறிஞ்சி ஒன்றைச் சேர்த்து வழக்கை முடித்துவைத்தது.

தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டான் குயிக்சோட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் அதில் தோலின் வாடை உள்ளதென்றும், மற்றவர் இரும்பின் வாடை உள்ளதென்றும் கூற, சூழ்ந்திருந்தோர் நகைத்தனர். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. நுண்ணுணர்வு என ஒன்று உண்டு, அது பயிற்சியால் கூர்மையாகும் என்பதற்கு ஹியூம் இதைச் சான்றாக்குகிறார். பழகும் காலத்தை வேண்டுவோர் இந்தப் பயிற்சியைத்தான் துணைக்கு அழைக்கின்றனர். ஆனால் பயிற்சியோடு ஒப்பீட்டையும், முற்சாய்வு நீங்கிய மனத்தையும் சேர்த்தே அவர் நல்ல மதிப்பீட்டாளரிடம் எதிர்பார்த்தார் என்பது வசதியாக மறக்கப்படுகிறது. கட்டிய பணத்தைவிட வலுவான முற்சாய்வு எது? எச்டி 800இன் வழக்கில் சாவி கிடைத்துவிட்டது. ஆனால் அது பழகிக்கொள்ளச் சொன்னவர்கள் பக்கம் கிடைக்கவில்லை.

பழக்கம் வெறும் கற்பனை என்பதும் ஆகாது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலரது காதுமடலில் அச்சுவார்ப்புகளைப் பொருத்தி அதன் வடிவை மாற்றினர். ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று அறியும் திறன் அவர்களுக்கு உடனே குலைந்து, சில வாரங்களில் மீண்டும் வாய்த்தது; வார்ப்பை அகற்றியதும் பழைய திறன் அப்படியே இருந்தது. மூளை புதிய காதைக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒலி வந்த இடம் என்னும் சரியான விடை செவிக்கு வெளியே இருந்தது. ஹெட்போன் கேட்பவருக்கோ, ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்பாடல் எவ்வாறு ஒலித்தது என்று ஒத்துப்பார்க்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. திருத்துவோர் இல்லாத இடத்தில் பழகுதல் கற்றலாகவும் இருக்கலாம், குறையோடு இணங்கிப்போவதாகவும் இருக்கலாம். உள்ளிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அன்றியும், மூளையின் இந்தத் திறன் விலை பார்த்து வேலை செய்வதில்லை. மலிவான ஹெட்போனுக்கும் அது அதே உழைப்பைத் தரும்.

காட்சி, அதாவது நேரடி அறிவு, ஒரே தன்மையது அன்று என்பதைச் சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் வகைப்படுத்தியுள்ளார். பொறிகளின் வழியே பொருளை அறிவது வாயிற்காட்சி. இன்ப துன்பங்களை உயிர் தன் அனுபவமாக உணர்வது தன்வேதனைக் காட்சி. மானதக்காட்சியும் யோகக்காட்சியும் மற்ற இரண்டு. தன்வேதனைக் காட்சி அராகம் முதலிய தத்துவங்களின் வழியே நிகழ்வது என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. அராகம் என்பது விருப்பத்தை எழுப்பும் தத்துவம். இந்தப் பாகுபாடு இங்கே மிகவும் பயன்படுகிறது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே மதுவை 10 டாலர் என்று சொல்லியும் 90 டாலர் என்று சொல்லியும் கொடுத்தபோது, உயர்ந்த விலையைக் கேட்டவரின் மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக இயங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. இன்பம் மெய்யாகவே மிகுந்தது. அந்த இன்பத்தை மதுவின் குணம் என்று அவர் சொல்லும்போதுதான் திரிபுக்காட்சி, அதாவது ஒன்றை வேறொன்றாகக் காணும் பிழை, நுழைகிறது.

ஆகவே, உயர்விலை ஹெட்போன் தரும் நிறைவைப் போலி என்று இகழ்வதும் தவறு, அந்நிறைவையே ஒலித்தரத்துக்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு. வசதி உள்ளவர் இன்பத்துக்காக விலை கொடுப்பதில் குற்றமில்லை. செவியின் பெயரைச் சொல்லிக் கடன் வாங்குவதில்தான் குற்றம் உண்டு. கடையில் இரு ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பார்ப்போர் இரண்டின் ஒலியளவையும் முதலில் சமப்படுத்திக்கொள்ள வேண்டும்; சற்றே உரக்க ஒலிப்பதைச் செவி தரமானதென்று எண்ணிவிடும். புதிய பொருளுக்காகக் கேட்கப்படும் அந்தச் சில வாரங்களை, ஏற்கெனவே கையில் உள்ள ஹெட்போனுக்கு, வேறு வேலை செய்யாமல் கேட்கும் கவனத்தோடு முதலில் கொடுத்துப் பார்ப்பதே முறை. அதன் பின்னும் குறை இன்னதென்று சுட்டிச் சொல்ல முடிந்தவர் அக்குறையைத் தீர்க்கும் பொருளைத் தேடி வாங்கலாம். சுட்டிச் சொல்ல முடியாதவருக்கு அந்தச் செலவு இப்போதைக்குத் தேவையில்லை.