சுகமாகாதவர்களுக்கு ஒரு கட்டில்



இந்த மாதம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். ஜெபித்தோம், எண்ணெய் பூசினோம், உபவாசம் இருந்தோம். ஆனாலும் படுக்கையில் கிடப்பவர் எழுந்திருக்கவில்லை. இனி அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

நம் தேவன் சுகமளிக்கிற தேவன். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பவுல் உடுத்தியிருந்த துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் ஓடிப்போயின என்று அப்போஸ்தலர் 19-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அதே பவுல்தான் 2 தீமோத்தேயு 4:20-ல், தன்னோடிருந்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைந்துபோச்சா? அபிஷேகம் போய்விட்டதா? இல்லவே இல்லை! அப்படியானால் மிலேத்துவில் துரோப்பீமுவுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தது யார்? கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யார்? வேதம் பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரோ செய்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த 'யாரோ'வின் ஊழியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1850-களின் லண்டன் பட்டணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தர்ம ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் அவை குணமாகக் கூடியவர்களுக்குத்தான். இனி சுகமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் கட்டிலைக் காலி செய்ய வேண்டியதுதான். கை கால் விழுந்தவர், பார்க்க ஆளில்லாதவர் எங்கே போவார்? ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய அரசாங்க விடுதிதான் கதி.

இந்த ஜனங்களுக்காக ஒரு போதகர் பாரப்பட்டார். அவர் பெயர் ஆண்ட்ரூ ரீட். கடிகாரம் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை. 1811 முதல் 1861 வரை, ஐம்பது வருஷம், கிழக்கு லண்டனில் ஒரே சபையை மேய்த்தவர். பரிசுத்த ஆவியானவரை வருந்தி அழைக்கும் ஓர் ஆங்கிலப் பாடலை 1829-ல் எழுதியவரும் இவர்தான். ஆவியானவரை அழைத்துவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1813-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், 1847-ல் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஓர் இல்லம், பிறகு 1854-ல், அறுபதைத் தாண்டிய வயதில், குணமாகாத நோயாளிகளுக்கென்றே ஓர் இல்லம் ஆரம்பித்தார்!

லண்டனுக்கு வெளியே கார்ஷல்டனில், பழைய ஏழை விடுதி ஒன்றிலேதான் அது துவங்கியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அதற்காக மேடையேறிப் பேசினார். 1857-ல் பட்னிக்கு வந்தது. 1863-ல் அங்கேயே வெஸ்ட் ஹில் மேட்டில் பெரிய கட்டிடத்துக்குப் போனது. ரீட் அதைப் பார்க்கவில்லை. 1862-லேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்!

அங்கேயும் குறைவு இருந்தது. கட்டில் கொஞ்சம், கேட்டு நின்றவர்கள் ஏராளம். அதனால் நன்கொடை கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டு, அதிக ஓட்டு வாங்கிய நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். நடக்க முடியாதவர் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை! தெரிந்த பெரிய மனுஷர் இல்லாதவர் பாடு என்ன? பிற்காலத்தில் அந்த முறை ஒழிந்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். யோவான் 5-ல் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனும், தூக்கிவிட ஒரு ஆள் இல்லை என்றுதானே இயேசுவிடம் சொன்னான்? வியாதியைவிட அதுதான் அவனுக்குப் பெரிய வேதனை.

1948-ல் இங்கிலாந்து அரசாங்கம் ஆஸ்பத்திரிகளைத் தன் பொறுப்பில் எடுத்தபோதும், இந்த இல்லம் தனித் தர்ம ஸ்தாபனமாகவே நின்றது. இன்றும் பட்னியில் நடக்கிறது. 'குணமாகாதவர்' என்ற வார்த்தை மட்டும் அதன் பெயரிலிருந்து எடுபட்டுவிட்டது. விபத்தாலும் நோயாலும் மூளை பாதிக்கப்பட்டவர்களை அங்கே பராமரிக்கிறார்கள். பேச முடியாத ஒருவர் கண் அசைவிலாவது, ஒரு பொத்தானை அழுத்தியாவது 'ஆம்', 'இல்லை' சொல்ல முடியுமா என்று பொறுமையாய்ச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரு மனுஷனை மனுஷனாக மதிப்பது என்றால் இதுதான், பிரியமானவர்களே!

இப்போது நம் சபைக்கு வருவோம். சுகம் பெற்றவர் மேடையேறிச் சாட்சி சொல்கிறார், அல்லேலூயா! சுகம் பெறாதவர் பெயர் மூன்று மாதத்தில் ஜெபக் குறிப்பிலிருந்தே மறைந்துபோகிறது. பார்க்கப் போகிறவர்களில் சிலர், "உங்களுக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகம் வரல" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள்! பவுல் துரோப்பீமுவிடம் அப்படிச் சொன்னதாக எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். அதைச் செய்கிற மனைவியோ மகளோ முழு ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு? அவர்கள் ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என்று கேட்கிற நாம், ஒரு ராத்திரி அவர்களுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறோமா? முழு இரவு ஜெபத்துக்கு வருகிற வாலிபத் தம்பிமாரே, சகோதரிகளே, மாதத்தில் ஒரு இரவை ஒரு கட்டிலருகே கழியுங்கள். ஜெபத்தை நிறுத்த வேண்டாம், அங்கே இருந்தே ஜெபியுங்கள். கர்த்தர் இன்றைக்கே எழுப்பினால் அவருக்கு மகிமை! எழுப்பாவிட்டாலும் விடிகிற வரைக்கும் அங்கே ஒரு ஆள் இருக்கட்டும்.

வியாதியாயிருந்தவர்களைச் சுகமாக்கினாயா என்றல்ல, விசாரிக்க வந்தாயா என்றே ராஜா கணக்குக் கேட்பார் (மத்தேயு 25). அந்த நாளில் நாம் வெட்கப்பட்டுப் போகாதபடி கர்த்தர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்!

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்